உள்ளே நின்று முறுக்கியவர்

அந்த வருடம், 1974இல், இணுவிலில் பூரணம் ரீச்சரின் அயலில் இரண்டு வீடுகளுக்குள் கள்ளர் யன்னல் கண்ணாடியை உடைத்து இறங்கியிருந்தார்கள். கணவர் காலமாகி ஒன்பது வருடமாகத் தனியே இருந்த ரீச்சர், யன்னல்களுக்கு இரும்புச் சட்டம் போடக் அடுத்த ஊர்க் கொல்லர் பரமலிங்கத்தை அழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ரீச்சர் நட்டுகளை வீட்டுக்குள் யன்னலடியில் வைத்து, கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் வெளியிலை நிண்டு போல்டை உள்ளுக்குத் தள்ளிவிடுங்கோ. பள்ளிக்கூடத்தாலை வந்து நட்டை நான் முறுக்கிறன்."

பின்னேரம் திரும்பி வந்து சட்டத்தை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இதெப்பிடி இறுகினது?"

"உள்ளுக்கை ஐயா நிண்டு முறுக்கினவர்தானே, ரீச்சர். கண்ணாடிக்குள்ளாலை முகம் வடிவாத் தெரியேல்லை."

ரீச்சர் பூட்டைத் திறந்து உள்ளே போனார். ஒருவரும் இல்லை. பதினாறு நட்டுகளும் இறுக்கமாக இருந்தன. வெளியே வந்து மெதுவாகக் கேட்டார்.

"அவர் ஏதும் கதைச்சவரோ?"

"ஓம். பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கும் போடச் சொன்னவர். அவ தனிய இருக்கிறவ எண்டார்."



"அப்ப நாளைக்கு அதையும் போடுங்கோ."

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, போவதற்கு வேறு இடமும் இல்லை. பரமலிங்கம் சைக்கிளில் இருந்து சட்டத்தை இறக்கும்போது, ரீச்சர் நல்ல சேலை உடுத்துக் குடையோடு புறப்பட்டு நின்றார். நட்டுகளைப் பின்கதவடியில் வைத்து, கதவைச் சாத்துமுன் வெறும் வீட்டுக்குள் திரும்பி, "நான் பின்னேரம்தான் வருவன்," என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து பூட்டினார்.