வாத்துக்கு அனுமதி இல்லை

"இன்னைக்கும் உள்ள விட மாட்டேங்குதுங்க," என்றார் ஹெல்மி, போனில்.

நூலகத்தில் கணினி வேலைகளைக் கவனிக்கும் ரெய்னோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, காலை சரியாகப் பத்து. ஊரே பனியில் புதைந்து கிடந்தாலும் இந்தப் போன் மட்டும் தவறாது.

"அதே வாத்துதானா?"

"அதே வாத்துதான்."

வாத்து என்பது ஹெல்மியின் பிரவுசர். அதில் வாத்துப் படம் இருக்கும். அவர் கணவர் உயிரோடு இருந்தபோது எங்கிருந்தோ தேடிப்பிடித்து அந்தப் பழைய கணினியில் போட்டுக் கொடுத்தது. நூலகத்தின் இணையதளத்தை உருவாக்கியவர்கள் மூன்றே மூன்று பிரவுசர்களைத்தான் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வாசலிலேயே பெயரைக் கேட்டு, வாத்து என்றதும் தளம் கதவைச் சாத்திவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஹெல்மி முதன்முதலில் போன் செய்தது அதனால்தான்.

"ரெண்டு புஸ்தகம் எடுக்க வந்தவளைத் திருடி மாதிரி துரத்துதே," என்று அன்று அவர் கேட்டது ரெய்னோவுக்கு இன்னும் மறக்கவில்லை.

"சரி பண்றேன்னு எப்பவோ சொன்னீங்க," என்றார் ஹெல்மி இப்போது.

"சிக்கலான வேலைங்க. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கெட்டுப்போகுது."

"அவசரமே இல்ல. மெதுவாப் பண்ணுங்க."

"என்ன புஸ்தகம் வேணும்னு சொல்லுங்க. நானே பதிஞ்சு நூலக வண்டியில அனுப்பிடறேன்."

"போன வாரம் அனுப்பின துப்பறியும் கதையில, முப்பதாம் பக்கத்துலயே கொலைகாரன் மாட்டிக்கிட்டான். கொஞ்சம் மூளை இருக்கறவனாப் பாத்து அனுப்புங்க."

ரெய்னோ வாய்விட்டுச் சிரித்தார். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அவர் இப்படிச் சிரிப்பது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான்.

எதிர் மேஜையிலிருந்து தலைமை நூலகர் டார்லீன் கண்ணால் ஜாடை காட்டினார். 'சொல்லிட்டீங்களா?'

டார்லீன் காலையிலேயே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். "அடுத்த வாரத்துலேர்ந்து உதவி கேட்டு வர்ற போனெல்லாம் தலைநகர் ஆபீஸுக்குப் போயிடும். உங்க செவ்வாய்க்கிழமைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆயிரத்துல ஒருத்தர்தான் அந்த வாத்தை வெச்சிருப்பாங்க. எல்லாரும் வெச்சிருக்கறதைப் போட்டுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"அந்த ஒருத்தரும் நம்ம ஊர்க்காரங்கதானே, டார்லீன்?" என்று மட்டும் ரெய்னோ சொன்னார்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. விஷயத்தை ஹெல்மியிடம் சொல்லி முடித்தார்.

மறுமுனையில், ஹெல்மியின் வீட்டைத் தாண்டிப் பனி அள்ளும் வண்டி ஒன்று போவது கேட்டது.

"அங்க வேற யாராவது பேசுவாங்களா?"

"ஆமாங்க. மரியாதையாப் பேசுவாங்க."

"அரை மணி நேரம் பாட்டு போட்டுக் காக்க வெப்பாங்க. அப்புறம் வாத்தைத் தூக்கிப் போடுன்னு மரியாதையாச் சொல்வாங்க."

"அப்படித்தான் சொல்வாங்க."

"சரி, மாத்திக்கறேன்," என்றார் ஹெல்மி, குரல் இறங்கி. "பக்கத்து வீட்டுப் பொண்ணு வேற ஒண்ணு போட்டுத் தர்றேன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கா. உங்களுக்கும் இத்தனை நாளா தொந்தரவு."

தொந்தரவா? 'சரிங்க' என்று சொல்லி இந்தப் போனை வைத்துவிட்டால் இனி ரெய்னோவுக்கு வாரத்தில் ஏழு நாளும் ஒன்றுதான்.

"ஹெல்மி, வெக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. திரையில என்ன வருதோ அதை அப்படியே படிங்க."

விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. பிறகு ஹெல்மி நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"மன்னிக்கவும். உங்கள் பிரவுசர் இந்தத் தளத்துக்கு ஏற்றதல்ல. தயவுசெய்து வேறொன்றைப் பயன்படுத்தவும்."

"அப்படியேவா இருக்கு?"

"ஒரு எழுத்து மாறல."

ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து டார்லீன் புருவத்தை உயர்த்தினார்.

"அப்ப இது போன்ல தீர்ற விஷயம் இல்லீங்க. சனிக்கிழமை நான் நேர்ல வந்து பாக்கட்டுமா?"

ஹெல்மியின் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது.

"சனிக்கிழமை ஏலக்காய் ரொட்டி சுடுவேன். காபி எத்தனை மணிக்குப் போடட்டும்?"

"பத்துக்கு."

போனை வைத்ததும் டார்லீன் கேட்டார். "என்னவாம்? மாத்திக்கிறாங்களா?"

"எங்கே? இன்னும் உள்ளயே விடலையாமே," என்றபடி ரெய்னோ நல்ல துப்பறியும் கதையாக ஒன்றைத் தேட எழுந்தார்.

அந்த மூன்று பெயர்ப் பட்டியலையும், ஹெல்மி இப்போது வாசித்துக் காட்டிய அறிவிப்பையும், அவர் முதன்முதலில் போன் செய்த அன்று சாயங்காலமே ரெய்னோ தளத்திலிருந்து அடியோடு நீக்கிவிட்டிருந்தார்.