நடுங்காத விரல்கள்

புது மாத்திரை ஆரம்பித்துச் சில நாட்களில் சேவியரின் கைநடுக்கம் நின்றுவிட்டது. மூளையில் வற்றிப்போன டோபமினை அது ஈடுகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டதைப் பார்த்து பிலோமினா அழுதேவிட்டாள்.

பிறகு அவர் கழற்ற ஆரம்பித்தார். முதலில் கடிகாரம், அப்புறம் மிக்ஸி, அப்புறம் ஃபேன். திருகாணிகளைத் தரையில் அளவுவாரியாக அடுக்குவார்; எதையும் திரும்ப மாட்டமாட்டார்.

"சாப்பிட வாங்க."

"இந்த ஒண்ணு மட்டும், பிலோ."

"விட்டா என்னையும் கழட்டிப் போட்டுருவீங்க போல."

அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து, அவளை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"புதுசா ஏதாவது பழக்கம் வந்திருக்காம்மா? இந்த மாத்திரையால சிலருக்கு வரும். வந்தா உடனே அளவக் குறைக்கணும்" என்றார் டாக்டர், அடுத்த முறை காட்டப் போனபோது.

பிலோமினா கணவரின் சட்டையைப் பார்த்தாள். எல்லாப் பொத்தான்களும் சரியான துளையில் இருந்தன.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்."

அன்று மாலைப் பூசை முடிந்து அவள் திரும்பியபோது வீடு இருட்டிக் கிடந்தது. கொசுவுக்காகச் சாத்திய சன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. அடுக்களையில் ஸ்பானர் உரசும் சத்தம். அதன் வாசற்படியில் நின்றபடியே, பழக்கத்தில், சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. அரையிருட்டில் கேஸ் அடுப்பு பர்னர் பர்னராகத் தரையில் வரிசையாக இருப்பது மங்கலாகத் தெரிந்தது. சிலிண்டர் பக்கமிருந்து சீறல் கேட்டது.

"வந்துட்டியா? கண்ணே தெரியல, பிலோ. லைட்டப் போடு."

சுவிட்சின் மேலிருந்த அவள் விரல் நடுங்கத் தொடங்கியது.