சீட்டு கரைந்த பெட்டிகள்

மழையில் முகவரிச் சீட்டு கரைந்துபோன இரண்டு சரக்கு ரயில் பெட்டிகள் ஸ்டேஷனில் நின்றன. ஒன்றில் மருந்து, மற்றதில் குண்டுகள் என்றது தந்தி. மருந்து வடக்கே ஆஸ்பத்திரிக்கு, குண்டுகள் தெற்கே போர்முனைக்கு. எதில் எது என்று ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயத்துக்குத் தெரியவில்லை.

“பெட்டியோட சீலை உடைச்சா ஜெயில் சார்,” என்றார் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் முனிரத்தினம்.

“மாத்தி அனுப்பிட்டா?”

முனிரத்தினம் சுத்தியலை எடுத்து நீட்டினார்.

தேவசகாயம் முதல் பெட்டியின் சீலை உடைத்தார். உள்ளே கூரைவரை காலிச் சவப்பெட்டிகள். தந்தியை மறுபடி படித்தார். சவப்பெட்டி என்ற வார்த்தையே அதில் இல்லை.

தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

“மருந்து கிளம்பிடுச்சா சார்? நாப்பது பேர் காத்திருக்காங்க.”

“ஒரு நிமிஷம் இருங்க டாக்டர்.”

ரிசீவரை முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டுச் சுத்தியலோடு இரண்டாவது பெட்டிக்கு ஓடினார். அதன் முன்னே போய் நின்றதும், இதிலும் மருந்து இல்லாவிட்டால் என்ற நினைப்பில் கை எழவில்லை.