மருந்து படாத சதுரம்

புகையிலைக் காட்டின் நடுவே வெள்ளைக் கயிறு கட்டிய சதுரத்துக்கு மட்டும் மருந்து அடிக்கவே கூடாது என்று ஆராய்ச்சி ஆபீசர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மருந்து பட்ட செடியில் எத்தனை புழு, படாத செடியில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால்தானே மருந்தின் குணம் தெரியும்? அந்தச் சதுரம் கெட்டால் சோதனை செல்லாது; அங்கம்மாளின் மிச்சக் காட்டுக்கும் இனி மருந்து கிடையாது. அதனால், பாவம், கயிற்றுக்குள் புழுக்கள் இலையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைப்பதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

வரப்புக்கு அந்தப்புறம் கொழுந்தன் சடையனின் காடு. "புழுவுக்குப் பந்தி போட்டு, எங்காட்டுக்கும் ஏவி விடுறியா மதினி?" என்று தினமும் ஏசினான். ஆபீசர் எண்ண வரும் நாளன்று, அவள் கஞ்சி குடிக்கப் போன நேரம் பார்த்து, மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக் கயிற்றுக்குள் இறங்கி அடித்துவிட்டான்.

திரும்பி வந்தவள், கயிற்றுக்குள் புழுக்கள் செத்து உதிர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் நேரே அவன் காட்டுக்குள் நுழைந்து, உயிருள்ள புழுக்களைப் பொறுக்கி மடியில் கட்டினாள்.

"பொறுக்கு, பொறுக்கு. எனக்குக் கூலி மிச்சம்" என்று சிரித்தான் சடையன்.

"நீ நாசமாப் போக!"

சதுரத்து இலைகளில் ஒவ்வொன்றாக விட்டாள். விட்டதெல்லாம் சுருண்டு சுருண்டு விழுந்தது. ரோட்டில் ஜீப் வந்து நின்றது. ஆபீசர் கயிற்றைத் தாண்டியபோது, அங்கம்மாள் செடிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் இலைபோல விரித்து நின்றாள். மடியில் மிச்சமிருந்த புழுக்கள் அவள் முழங்கை வரை ஏறியிருந்தன.

"எண்ணிக்கங்க சார்" என்றாள்.