இன்ஷிராஹ் போட்ட தேநீர்

"நாக்கைத் தூக்குங்க."

சுபஹி தூக்கினார். இன்ஷிராஹ் குனிந்து பார்த்தாள். மாத்திரை உள்ளே போயிருந்தது.

"போன வருஷம் மாதிரி கன்னத்துல ஒதுக்கி வெச்சு அப்புறம் துப்பற வேலையெல்லாம் வேணாம், அபூ ஹானி. மறுபடி வாய் கோணி விழுந்தா நான் ஒருத்தியா தூக்க முடியாது. உங்க மகன் ஹானி குவைத்துல இருக்கான்."

"முழுங்கிட்டேன்டி. வயித்தைக் கிழிச்சுக் காட்டணுமா?"

அவள் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். சுபஹி அதை முகர்ந்து பார்த்தார். புதினா வாசனைதான். சத்தமில்லாமல் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையை உதட்டில் வைத்துக்கொண்டார்.

வேறு எந்த மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம் அவருக்கு. கடைசியாக டாக்டர் மாஜிதா எழுதிக்கொடுத்தது இந்த மாத்திரை. காலையில் ஒன்று. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. தானாக நிறுத்தவும் கூடாது. சுபஹி அப்படியே செய்தார். ஆனாலும் மாதம் முடியும் முன்பே அட்டை காலியானது.

"கடைக்காரன் குறைச்சுக் குடுத்திருப்பான்," என்றாள் இன்ஷிராஹ். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மூடிய அட்டையில் அவன் எப்படிக் குறைப்பான்? வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

கால்களும் வீங்கியிருந்தன. செருப்பு ஏறவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது.

இன்னொன்றும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் முக்காடிடாதவள், இப்போது வீட்டுக்குள்ளேயே முக்காடிட்டுத் திரிந்தாள்.

"இங்க எதுக்கு இது? நான் என்ன அந்நிய ஆம்பளையா?"

"தலைவலி."

படுக்கையிலும் அந்தத் தலைவலி தீரவில்லை.

மக்காவியிடம் சொன்னார். சுபஹி வேலை பார்க்கும் தச்சுப் பட்டறையில் நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர் அவர். தெருமுனைக் காப்பிக்கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ மனசுல உன்னை அந்நியனாக்கிட்டா. அது தெரியுது," என்றார் மக்காவி. "சரி, மாத்திரை குறையுது. உன் காலு வீங்குது. வீட்டுல டீ யாரு போடறா?"

"அவதான்."

"சர்க்கரை யாரு கலக்கறா?"

"அதான் காலையில தொட்டியில ஊத்திட்டேன்," என்றார் சுபஹி.

"என் டீயைக் குடி. இதுல சர்க்கரை மட்டும்தான் இருக்கு." உப்பில் ஊறிய வெள்ளைப் பாலாடைக்கட்டித் தட்டையும் மக்காவி நகர்த்தினார். "சாப்பிடு. இங்க உனக்கு யாரும் விரோதி இல்லை."

டாக்டர் அடியோடு விலக்கச் சொன்ன உப்புப் பண்டம் அது. சுபஹி தட்டைக் காலி செய்தார்.

மறுநாள் மனைவியிடம் சொல்லாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் மாஜிதா அவர் கணுக்காலை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"வீங்கின அன்னிக்கே வரணும்னு சொன்னேன். இந்த மாத்திரை உடம்புல நீரைத் தேக்கும். அதுக்குத்தான் கூடவே நீர் இறங்கற மாத்திரையும் குடுத்திருக்கேன். உப்பு சாப்பிடறீங்களா?"

"இல்லை."

டாக்டர் அவரைப் பார்த்தாள். பிறகு நீர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினாள்.

சுபஹி குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மா, எனக்குத் தெரியாம யாராவது இதை ரெண்டா குடுத்தா?"

"பிரஷர் சட்டுனு இறங்கி விழுந்திருப்பீங்க. உங்களுக்கு அப்படி இறங்கலை. அளவாத்தான் இருக்கு." டாக்டர் பேனாவை மூடினாள். "உங்க மனைவியும் போன்ல விசாரிச்சாங்க. இந்த மாத்திரை உடம்பை வேற என்னெல்லாம் செய்யும்னு. உங்க மேல ரொம்ப அக்கறை."

சட்டைப் பொத்தானில் சுபஹியின் விரல்கள் நின்றன.

அப்படியானால் தேநீரில் கலக்கவில்லை. சேர்த்து வைக்கிறாள். ஒரே நாளில் கொடுப்பதற்கு.

வழியெல்லாம் வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வந்தார். முதலில் மாத்திரையைக் கேட்க வேண்டும். பிறகு மகனுக்குப் போன் செய்ய வேண்டும். பிறகு அவள் தன் தம்பி வீட்டுக்குப் போகட்டும்.

கதவைத் திறந்தார். "இன்ஷிராஹ்."

பதில் இல்லை. சமையலறைத் தரையில் அவள் கிடந்தாள். கண் திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"எழுந்தேன்," என்றாள் மெல்ல. "எல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"என்ன சாப்பிட்டே?"

"உங்க மாத்திரை. தினம் ஒண்ணு போட்டுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு ரெண்டு."

சுபஹி டாக்டருக்குப் போன் செய்தார். முதல் தடவை எண் தவறியது.

"எழுப்பாதீங்க. படுத்தே இருக்கட்டும், காலை மட்டும் உயர்த்தி வைங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்," என்றாள் டாக்டர் மாஜிதா. "அது உங்க உடம்புக்கு அளந்து குடுத்த மருந்து. அவங்க எதுக்குத் தொட்டாங்க?"

சுபஹி மாவு மூட்டையை இழுத்து அவள் கால்களை அதன்மேல் வைத்தார். தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"எதுக்குடி? சாகறதுக்கா?"

"வியாழக்கிழமை உங்க தங்கச்சி மகளுக்குக் கல்யாண மருதாணி. பொம்பளைங்க எல்லாரும் முக்காட்டை எடுத்துட்டு ஆடுவாங்க. நான் மட்டும் எப்படி மூடிக்கிட்டு உட்கார்றது?"

முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். காதுக்கு மேலே இன்னொரு வழுக்கை. அவள் கையை உயர்த்தி அதை மறைக்கப் பார்த்தாள். கை பாதியிலேயே விழுந்தது.

"இதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து உங்க நெத்தியில, காதுல எல்லாம் முடி முளைக்குதே, அபூ ஹானி. டாக்டரும் மாத்திரையாலதான்னு சொன்னா. என் தலையில முளைக்காதான்னு பார்த்தேன்."