ஐந்தாவது நிபந்தனை

வேலை போனபோது கிடைத்த பணத்தைப் பங்குகளில் போட, துரையரசன் எக்செல்லில் நான்கு நிபந்தனைகளை எழுதினான். கடன் குறைவு, லாபம் ஏறுமுகம், கையில் ரொக்கம், மலிவான விலை. இரண்டாயிரம் கம்பெனிகளில் ஒன்றுதான் நான்கிலும் தேறிப் பச்சையானது. அவனை வெளியே அனுப்பிய மில். முந்நூறு பேரின் சம்பளம் மிச்சமானதில் அதன் லாபம் ஏறியிருந்தது.

ஆள் குறைத்த கம்பெனியைத் தள்ளிவிட ஐந்தாவதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தான். பச்சை போய்விட்டது.

"ஒண்ணுகூடத் தேறல," என்றான்.

"இப்பத்தானேங்க ஒண்ணு தெரிஞ்சுது?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி வேதவல்லி. "உங்க ரோஷமா பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டும்?"

அவன் ஐந்தாவதை அழித்தான்.

"எவ்வளவுக்கு வாங்கப்போறீங்க?"

"மொத்தத்துக்கும். மில்லுல மிச்சமிருக்கிறவங்கள்லயும் பாதிப் பேரைத் தீபாவளிக்குள்ள அனுப்பிடுவாங்க. விலை ஏறும்."