சார்ஜ் இல்லாத ஞாயிறு

"கதவைச் சாத்திட்டு வாங்க திலக்ஷன். ஒரு விசயம் கேக்கணும்."

மனேஜர் பிரேமிளா இப்படிக் கூப்பிட்டாலே, கறுவாவும் ஏலமும் இணையத்தில் விற்கும் அந்தப் பிலிமத்தலாவை அலுவலகத்தில் எல்லோருக்கும் பயம்தான். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் திலக்ஷனுக்கு இன்றைக்குக் காரணமும் இருந்தது.

"நம்ம சைட்டைத் திறக்கிறவங்க போன்ல எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு பதியிறீங்களாமே?"

"ஆமா மிஸ். சார்ஜ் குறைஞ்சா சில போன்ல பக்கம் மெதுவாத்தான் திறக்கும். கோளாறு சைட்லயா, போன்லயான்னு பாக்கத்தான்."

"ஆள் பேரும் விழுமா?"

"வெளியாளுங்க பேரு விழாது. நம்ம ஆளுங்க லொகின் பண்ணியிருந்தா விழும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நுணல் தன் வாயால் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை, சைட் ஆமையாய் நகர்கிறதென்று முதலாளி செல்லப்பா திரும்பத் திரும்ப அழைத்தபோது, அவன் கண்டியில் வருங்கால மனைவியோடு படம் பார்த்துக்கொண்டிருந்தான். போனை எடுக்கவில்லை. மனசு கேட்காமல் லொகின் பண்ணிச் சைட்டை மட்டும் திறந்து பார்த்தான். மறுநாள், "போன்ல சார்ஜ் இல்ல முதலாளி" என்று சொல்லிவிட்டான். உண்மையில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது.

செல்லப்பா எதையும் மன்னிப்பார், பொய்யைத் தவிர. போன வருசம் ஒரு பொய்க்காக ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். வேலை போனால் கல்யாணமும் போச்சு.

"ஞாயித்துக்கிழமையோடதும் இருக்கா?"

"இ... இருக்கு மிஸ்."

"முதலாளி கேட்டா எடுத்துக் காட்ட முடியுமா?"

"முடியும்."

பிரேமிளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அடுத்தவங்க போன்ல எவ்வளவு சார்ஜ் இருந்தா நமக்கென்ன? கேக்காம எடுக்கிறது தப்பில்லையா? பழசெல்லாம் அழிச்சிருங்க. இனிமேப் பதியவும் வேணாம்."

"இப்பவே அழிச்சிர்றேன் மிஸ்!"

அங்கேயே லெப்டொப்பைத் திறந்து அழித்தான். போன உயிர் திரும்பி வந்தது. இப்படி நேர்மையான மனேஜர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"முழுசாப் போயிருச்சா?"

"போயிருச்சு மிஸ். இனி யாராலயும் எடுக்க முடியாது."

பிரேமிளா கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா, தப்பிச்சேன்! ஞாயித்துக்கிழமை லொகின் பண்ணிச் சைட்டைப் பாத்துட்டு, போன்ல சார்ஜ் இல்லன்னு முதலாளிகிட்ட நானும்தான் சொல்லி வச்சிருந்தேன்."